ஆவணம் தேடப் போய் மனசில் தங்கிப் போனவை: பாம்பர் விமானப் படையினர்

லிங்கன் மீனா:

ரெண்டு வாரமா மனசுல கிடந்து அறுக்குது, இங்கே இறக்கி வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 93 வயசு. அவங்க அண்ணன் ரெண்டாம் உலகப் போரில் பாம்பர் கமாண்டில், அதாவது பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவில், வால் பக்கத்து கன்னர் (துப்பாக்கி சுடறவர்). "ஜெர்மனிக்குப் போனான், திரும்பலே"ன்னு 12 வயசில் அம்மா சொன்னதோடு சரி. அதுக்கப்புறம் வீட்டில் பேச்சே இல்லையாம். உடல் கிடைக்காத விமானப் படையினருக்கான ரன்னிமீட் நினைவகத்தில் பேர் இருக்கு, கல்லறை கிடையாது. எந்த ஊர் மேலே விழுந்தான்னு மட்டும் பார்த்துச் சொல்லேன்னு கேட்டாங்க.

லண்டன் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன் பதிவேடுகளை ரெண்டு நாள் புரட்டினேன். பேரே இல்லை. எந்த ஸ்குவாட்ரனுக்கும் அவர் போய்ச் சேரவே இல்லைன்னு அப்புறம்தான் உறைச்சது. ஓ.டி.யூ. (போருக்குப் போற ஸ்குவாட்ரனில் சேர்றதுக்கு முன்னாடி குழுவாப் பயிற்சி தர்ற பிரிவு) பதிவேட்டில் கிடைச்சார். 1943 பிப்ரவரி, வெலிங்டன் குண்டுவீச்சு விமானம், ராத்திரி நேவிகேஷன் பயிற்சி, ஐரிஷ் கடல் மேலே ஒரு சுற்று. அஞ்சு பேர். புறப்பட்ட பிறகு தகவல் இல்லை. மொத்தமே ரெண்டு வரி. அதுக்குக் கீழேயே மறுநாள் வகுப்பு விவரம்.

பாட்டிகிட்ட சொன்னேன். மடியில் அண்ணன் போட்டோ. நெஞ்சில் ஒத்தை இறக்கை பேட்ஜ், வட்டத்துக்குள்ளே ஏ.ஜி.ன்னு ரெண்டு எழுத்து. அந்த எழுத்து மேலேயே கட்டை விரலை வெச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. "அப்போ அவன் ஜெர்மனிக்குப் போகவே இல்லையா?" இல்லை பாட்டின்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, "பிப்ரவரியில் தண்ணி பயங்கரமா குளிருமே"ன்னாங்க. எனக்கு வாயே வரலை. 80 வருஷமா அவங்க மனசுல அவன் நெருப்பில் போனவன். நான் போய்த் தண்ணியில் இறக்கிட்டு வந்துட்டேன்.

பழைய பேப்பர்:

நீங்க சொன்னது சரிதான் மீனா, மறைக்கக் கூடாது. ஆனா "எந்த ஸ்குவாட்ரனுக்கும் போய்ச் சேரவே இல்லை"ன்னு ஏதோ குறை மாதிரி பாட்டிகிட்ட சொல்லியிருந்தா அதை மாத்திச் சொல்லுங்க. பாம்பர் கமாண்டில் செத்தவங்க 55,573 பேர். அதில் 5,000க்கும் மேல் பயிற்சியில் போனவங்க. ஓ.டி.யூ.வுக்கு வந்த வெலிங்டன்களில் பலதும் ஸ்குவாட்ரனில் பறந்து தேய்ஞ்சு ஓய்ஞ்சவை. அதை ஓட்டினது இருபது வயசுப் பையன், இருட்டில். 1942 மே 30 ராத்திரி கொலோனுக்கு 1,000க்கும் மேல் விமானம் போச்சே, அதில் மூணில் ஒரு பங்கு பயிற்சிப் பிரிவிலிருந்து போனதுதான். படிப்பு முடியற நேரத்தில் பிரான்ஸ் மேலே துண்டுப் பிரசுரம் போட்டுட்டு வரவும் இவங்களைத்தான் அனுப்பினாங்க.

என் அனுபவம் சின்னது. ஈஸ்ட் கிர்க்பி மியூசியத்தில் இருக்கிற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வால் டரெட் (கன்னர் உட்கார்ற துப்பாக்கிக் கூண்டு) வரைக்கும் தவழ்ந்து போனேன். கன்னருடைய பாராசூட் டரெட்டுக்குள்ளே இல்லை, கதவுக்கு வெளியே மாட்டியிருக்கும். உள்ளே இடமே கிடையாது. கையை நீட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். இன்னும் கனவில் அந்தக் கொக்கி வருது.

இனிமே தேடறவங்களுக்கு: கியூவில் ஓ.டி.யூ. பதிவேடுகள் ஸ்குவாட்ரன்களுக்கான ஏர் 27 தொகுப்பில் இருக்காது, ஏர் 29 தொகுப்பை எடுங்க. விபத்துக்கு ஃபாரம் 1180ன்னு ஒரு அட்டை உண்டு, ஹெண்டன் விமானப் படை மியூசியத்தில் கேளுங்க. லிங்கன் பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பட்டியலையும் ஒத்துப் பாருங்க. குடும்பத்தில் லாக் புக் (பறந்த கணக்கு எழுதற நோட்டு) இருந்தா மையின் நிறத்தைக் கவனிங்க, ராத்திரிப் பறப்பைச் சிவப்பில் எழுதுவாங்க. தேதியில் ஏமாறாதீங்க, நள்ளிரவு தாண்டி விழுந்த விமானம் முந்தின நாள் கணக்கில் இருக்கலாம். முக்கியமா, ஒருத்தரை மட்டும் தேடாதீங்க, குழுவைத் தேடுங்க. ஓ.டி.யூ.வில் பைலட், நேவிகேட்டர், பாம் எய்மர், வயர்லெஸ், கன்னர் எல்லாரையும் ஒரு பெரிய ஹேங்கரில் விட்டு, "நீங்களே ஜோடி சேர்ந்துக்குங்க"ன்னு சொல்லிடுவாங்க. யாரும் பட்டியல் போட்டுச் சேர்க்கலை. கூடப் போனது யார்னு தெரிஞ்சா பாதி கதை தெரிஞ்ச மாதிரி.

ஹம்பேர்க் சிவா:

பழைய பேப்பர் அண்ணை, கொலோனை நீங்கள் சொல்லுற விதம் எனக்குப் பிடிக்கேல்லை. கீழ இருந்த சனத்துக்கு மேல வந்தவன் படிச்சு முடிச்சவனோ, படிக்கிற பெடியனோ எண்டு என்ன கணக்கு?

நான் இஞ்ச 30 வருசமா இருக்கிறன். இங்கிலாந்தில ஒரு குடும்பம் கேட்டு, ஓல்ஸ்டோர்ஃப் மயானத்தில ஒரு வயர்லெஸ்காரப் பெடியன்ர கல்லைப் படம் எடுக்கப் போனனான். வயசு 20. அதே மயானத்துக்குள்ளதான் 1943 ஜூலை குண்டுவீச்சில செத்த 36,000க்கும் மேற்பட்ட ஆக்களைச் சிலுவை வடிவில கிடங்கு வெட்டித் தாட்டிருக்கு. மேல குறுக்கு மரங்களில அழிஞ்ச பகுதிகளின்ர பேர்.

கல்லில பாசி. நான் ஃபோனைத் தூக்க, பின்னால ஒரு வயசான அம்மா வந்து நிண்டா. "உங்கட சொந்தமோ?" எண்டு கேட்டா. இல்லை, தாய் தேப்பன் பார்க்காத கல்லு, பேரப்பிள்ளையள் கேட்டவை எண்டன். "அப்ப துடைச்சுப்போட்டு எடுங்கோ" எண்டு கையில இருந்த ஈரத்துணியைத் தந்தா. துடைச்சன், எடுத்தன். துணியைத் திருப்பிக் குடுக்கேக்க அதில ஏற்கெனவே மரத்தூள் ஒட்டியிருந்ததைக் கண்டன். எந்தப் பேரைத் துடைச்சனீங்கள் எண்டு கேட்டன். "ஹம்" எண்டா. நெருப்புப் புயல் அடிச்ச பகுதியளில அதுவும் ஒண்டு. வேற ஒண்டும் கதைக்கேல்லை, போட்டா.

மீனா தங்கச்சி, அந்தப் பாட்டிக்கு அண்ணன் ஒரு குண்டும் போடாமப் போனது ஆறுதலாக்கூட இருக்கலாம். அதையும் யோசியுங்கோ.

பழைய பேப்பர்:

சிவா, பெருமையாச் சொல்லலை. அந்தப் பசங்க எதுவும் செய்யாம செத்தாங்கன்னு ஆயிடக் கூடாதேன்னுதான் சொன்னேன். "ஆறுதலா இருக்கலாம்"னு நாம முடிவு பண்ண முடியாது.

திருமலைக்காரன்:

கடலில விழுந்த கதை எண்டபடியால் நானும் சொல்லுறன். 1944 ஆகஸ்ட் 10, எங்கட திருகோணமலைச் சீனக்குடாவில இருந்து அமெரிக்கன்ர பி-29 குண்டுவீச்சு விமானங்கள் 50க்கு மேல கிளம்பிச் சுமாத்திராவில பலெம்பாங் எண்ணெய் ஆலைக்குப் போனது. போய்வரச் சுமார் 3,800 மைல். ஒண்டு எண்ணெய் தீர்ந்து, திரும்பி வரேக்க கடலில இறங்கினது. அப்பப்பா ஓடுபாதைக்குக் கல் சுமந்தவர். அவர் சாகுமட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒண்டுதான்: "போகேக்க எண்ணினன், வரேக்க எண்ணி முடிக்கேல்லை, விடிஞ்சுபோச்சு."

லிங்கன் மீனா:

எல்லாருக்கும் நன்றி. பாட்டிக்கு ஆறுதலா, வருத்தமான்னு எனக்குத் தெரியலை சிவா அண்ணா. நான் கேட்கவும் இல்லை.

நேத்து சாயங்காலம் அவங்களே கூப்பிட்டாங்க. போட்டோவை ஃபிரேமிலிருந்து கழட்டி மேஜை மேலே வெச்சிருந்தாங்க. பின்பக்கம் பென்சிலில் நாலு பேர், அண்ணன் கையெழுத்து. எல்லாம் செல்லப் பேர், ஊர் பேர் கிடையாது. பள்ளிக்கூட சிநேகிதங்கன்னு இத்தனை வருஷம் நினைச்சிருந்தாங்களாம். ஹேங்கர் விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு பேரா விரல் வெச்சு, "இதில் நேவிகேட்டர் யாரு? வண்டியை ஓட்டினது யாரு?"ன்னு கேட்டாங்க.

நான் அவர் ஒருத்தர் பேரைத்தான் நகல் எடுத்துட்டு வந்திருக்கேன். மத்த நாலு பேரும் அதே வரியில்தான் இருந்தாங்க. செவ்வாய்க்கிழமை கியூ திறந்ததும் போறேன்.