அக்குள்ல சீழ்க்கட்டி, மெம்பர்ஷிப் டாக்டரே போதுமா?

டல்லாஸ்வாசி:
வீட்டுக்காரருக்கு நாலு நாளா அக்குள்ல கட்டி, நெல்லிக்கா சைஸ்ல செவந்துபோய் தொட்டா சுடுது, கையத் தூக்க முடியல. நாங்க மாசாமாசம் பணம் கட்டுற டைரக்ட் பிரைமரி கேர் டாக்டர்கிட்டதான் பாக்குறோம், அங்கயே கீறி எடுப்பாங்களா, இல்ல ஈஆர்தான் (ஆஸ்பத்திரி எமர்ஜென்சி) போகணுமா?

ஆஸ்டின்அக்கா:
முதல்ல ஒரு போட்டோ எடுத்து டாக்டருக்கு மெசேஜ் பண்ணுங்க, இந்த மாதிரி கிளினிக்ல பெரும்பாலும் அன்னைக்கோ மறுநாளோ பாத்துடுவாங்க. எனக்குத் தொடைல வந்தப்ப அங்கயே மரத்துப்போக ஊசி போட்டு கீறி சீழ எடுத்தாங்க, அந்த ஊசிதான் சுருக்குனு வலிச்சுது, மத்தபடி பத்து நிமிஷ வேலை. ரெண்டு நாள் கழிச்சு திரும்பப் பாத்ததுக்குத் தனி சார்ஜ் இல்ல. சீழ் கோத்துட்டா வெறும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பத்தாது, வெளிய எடுத்தாகணும். தயவுசெஞ்சு பிதுக்காதீங்க, வெதுவெதுப்பான துணி ஒத்தடம் மட்டும் குடுங்க.

குமார்_ஹூஸ்டன்:
அவருக்கு சுகர் இருக்கா? குளிர் ஜுரம் வந்தாலோ செவப்பு மளமளன்னு பரவினாலோ யோசிக்காம ஈஆர் போயிடுங்க, ஆனா அந்த பில்ல மெம்பர்ஷிப் கட்டாது, அதுக்கு இன்சூரன்ஸ் தனியா வேணும். சீழ்ல என்ன கிருமின்னு பாக்குற கல்ச்சர் டெஸ்டுக்கு லேப் சார்ஜ் எவ்ளோனு முன்னாடியே கேட்டுக்கோங்க. 2026 ஜனவரிலேருந்து ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்குன்னு வரியில்லாம சேத்து வைக்கிற அக்கவுண்ட்) பணத்துலயே இந்த டாக்டர் மெம்பர்ஷிப் மாசக் கட்டணத்தக் கட்டலாம், ஒருத்தருக்கு 150 டாலர், குடும்பத்துக்கு 300 டாலர் வரைக்கும்.

டல்லாஸ்வாசி:
சுகர் இருக்குங்க, மாத்திரை எடுக்குறார். ஜுரம் இல்ல. போட்டோ அனுப்பிட்டேன், மத்தியானம் 2 மணிக்கு வரச் சொல்லிட்டாங்க.