பொலிகாளைக்கு வளையமா, மூக்கணாங்கயிறா?

வெண்ணாற்றங்கரை
எங்கள் வீட்டில் ஒரு உம்பளாச்சேரி காளைக்கன்று வளர்கிறது. ஒன்றேகால் வயது. ஊரில் இந்த இனத்தில் பசுக்களைச் சினைப்படுத்தும் பொலிகாளையே இல்லை என்பதால் காயடிக்காமல் விட்டிருக்கிறோம். ஏருக்கோ வண்டிக்கோ பூட்டும் எண்ணம் இல்லை. இதுவரை கழுத்துக்கயிறுதான். இப்போது தண்ணி காட்ட அவிழ்த்தால் ஆளையே இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறது. சித்தப்பா மூக்கு குத்திக் கயிறு போடு என்கிறார். கால்நடை மருந்தக டாக்டர், பொலிகாளை என்றால் மூக்கில் வளையம் போடுங்கள் என்கிறார். வளையம் போட்ட மாட்டை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடு
திருத்துறைப்பூண்டிப் பக்கம் தலைமுறையாக இதே இனத்தை வைத்திருக்கிறோம். கயிறே போடுங்கள். மூக்கணாங்கயிறு மூக்கோடு முடிந்துபோவதில்லை. இரண்டு கன்னத்தின் வழியாக மேலே ஏறிப் பிடரியில் முடிச்சு விழுகிறது. இழுக்கும்போது பாதி விசையைத் தலை வாங்கிக்கொள்ளும். வளையத்தில் அத்தனையும் மூக்குத் தண்டிலேயே இறங்கும். அதோடு இடது வலது என்று மாட்டுக்குச் சொல்லக் கயிற்றால்தான் முடியும். சேற்றில் இந்த மாடுகளைத் திருப்பிய கை எதுவும் வளையத்தைக் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் கவனம். எங்கள் பக்கம் கொம்பு தீய்க்கும் வழக்கம் உண்டு, அதனால்தான் மொட்டை மாடு என்ற பெயரே வந்தது. உங்கள் கன்றுக்கும் தீய்த்திருந்தால் கயிறு நழுவும். காதுக்குப் பின்னால் இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொளப்பாகவும் இல்லாமல் கட்டத் தெரிந்தவர் கட்ட வேண்டும்.

மன்னைப் பால்பண்ணை
மொட்டைமாடு அண்ணே, நீங்கள் சொல்வது எல்லாம் உழவு மாட்டுக்குச் சரி. அவர் கேட்பது காயடிக்காத காளைக்கு. காயடித்த மாடு மிரண்டால் ஓடும், பொலிகாளை மிரண்டால் ஆள் மேல் வரும். கயிற்றால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. உங்களை நோக்கி அது நாலு அடி வைத்தாலே கையில் இருக்கும் கயிறு தொய்ந்துவிடும். அப்புறம் அந்தக் கயிற்றால் என்ன பயன்?

நான் ஜெர்சி கலப்புக் காளை வைத்திருக்கிறேன். வளையத்தில் கொக்கி போட்ட கழியை மாட்டித்தான் வெளியே எடுப்பது. ஆறடிக் கழி. அது முன்னால் வந்தால் கழி அதைத் தடுக்கும், பின்னால் இழுத்தால் வளையம் தடுக்கும். மாட்டுக்கும் ஆளுக்கும் நடுவே எப்போதும் அந்த ஆறடி இருக்கும். அரசு உறைவிந்து நிலையங்களில் பொலிகாளைகளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஒரு தடவை ஈச்சங்கோட்டை பண்ணைக்குப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, இப்போது சந்தையில் கிடைப்பது பாதிக்கு மேல் நைலான் கயிறு. மழையில் விறைத்து, வெயிலில் நார் பிரிந்து, மூக்கில் ரம்பம் மாதிரி அறுக்கிறது. மூக்கு அறுந்த மாட்டை அம்மாபேட்டைப் பக்கம் எத்தனை பார்க்கிறோம்.

மொட்டைமாடு
நைலானை யார் போடச் சொன்னது? பருத்திக் கயிறு போட்டு, மாட்டுப் பொங்கலுக்கு மாற்றுவது வழக்கம். வழக்கத்தை விட்டவர் செய்த தப்பைக் கயிற்றின் மேல் போடாதீர்கள். ஜெர்சிக் காளையின் குணமும் உம்பளாச்சேரிக் காளையின் குணமும் ஒன்றா? எங்கள் வீட்டுக் காளையை என் அம்மாவே பிடித்துக்கொண்டு போவார்.

மன்னைப் பால்பண்ணை
ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகள் பொல்லாதவை என்பது உலகம் முழுக்கத் தெரிந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “அம்மாவே பிடிப்பார்” என்பதுதான் எனக்குப் பயம். காளை குத்திய வீடுகளில் விசாரித்தால் முதலில் வரும் பதிலே அதுதான், குழந்தை மாதிரி இருந்ததே என்று.

கால்நடை மாணவி
இரண்டு பேரும் மூக்கைக் குத்துவது என்று முடிவு செய்துவிட்டுப் பேசுகிறீர்கள். குத்தித்தான் ஆக வேண்டுமா? முகக்கயிறு, அதாவது ஹால்டர், தலையைச் சுற்றிப் போடுவது. மூக்கில் துளையே வேண்டாம். 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மூக்கணாங்கயிறு போடுவதை வதை என்று சொல்லவில்லை, ஆனால் “விதித்த முறையில்” என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அந்த முறை என்ன என்று 2023இல் விதிகள் வந்தன. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர், மரத்துப்போகும் மருந்து, முடிந்தவரை முகக்கயிறு என்றுதான் அவை போகின்றன. சித்தப்பா இரும்பூசியைக் காய்ச்சிக் குத்துவது இனி வெறும் வழக்கம் என்று தள்ளிவிடும் விஷயம் இல்லை.

மொட்டைமாடு
அம்மா, நானூறு கிலோ காளைக்கு முகக்கயிறா? அது தலையை ஒரு உதறு உதறினால் பிடித்தவர் வரப்புக்கு அந்தப் பக்கம் கிடப்பார்.

கால்நடை மாணவி
நானூறு கிலோ ஆனபிறகு முதல் தடவையாகப் போட்டால் அப்படித்தான் ஐயா. பால்குடி மறக்கும் வயதிலேயே முகக்கயிறு போட்டு நடத்திப் பழக்கினால் அது இழுவைக்குப் பணியும். இவர் கன்று இன்னும் முழு வளர்ச்சி அடையவில்லை. இப்போதே தொடங்கலாம்.

சோழமண்டலம்88
பொலிகாளையே எதற்கு? மருந்தகத்தில் உம்பளாச்சேரி சினை ஊசி கிடைக்கிறது. வளையமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை
ஊசி போட்டு மூன்று முறை சினை நிற்காத மாடுகள் ஊரில் இருக்கின்றன. அதனால்தான் காளை. தலைப்பை விட்டுப் போக வேண்டாமே.

ஓய்வு ஆய்வாளர்
கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். படித்துக்கொண்டு வந்தேன், இரண்டு பக்கமும் பாதி பாதி சொல்கிறீர்கள்.

சோழமண்டலத்தாருக்கு முதலில் ஒரு வார்த்தை. ஊரெல்லாம் ஒரே காளையிடம் போனால் புரூசெல்லா போன்ற கருச்சிதைவு நோய்களும் சேர்ந்து போகும். காளையை வைப்பவர் ரத்தப் பரிசோதனை செய்து வைக்கட்டும். அவ்வளவுதான், இனி மூக்குக்கு வருவோம்.

துளை எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, வளையமா கயிறா என்பது அப்புறம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு நாசித் துளைக்குள் விட்டுத் தடவினால், முன்பக்கம் மூக்கின் தடித்த நுனிக்கும் உள்ளே இருக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் மெல்லிய தோல் மாதிரி ஓர் இடம் விரலில் தட்டும். அங்கேதான் குத்த வேண்டும். உள்ளே தள்ளிக் குருத்தெலும்பில் குத்தினால் புண் ஆறாது, சீழ் வைக்கும், மாடு ஆயுசுக்கும் தலையைத் தொட விடாது. நுனியில் குத்தினால் ஓர் இழுப்பில் கிழியும். மூக்கு அறுந்த மாடுகளில் நான் பார்த்தவரை கயிற்றின் குற்றத்தை விட இடம் தப்பிய குற்றம்தான் அதிகம். மன்னைத் தம்பி இதைக் கணக்கில் வைக்கவில்லை.

வெறுங்கையால் வீட்டு வாசலில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்கிற வேலை இல்லை இது. மருந்தகத்தில் குழாய்ச் சட்டம் இருக்கும், டிராவிஸ் என்பார்கள், அதற்குள் நிறுத்தித் தலையைக் கட்டிய பிறகு லிக்னோகெய்ன் போட்டு மரக்க வைத்துக் குத்துவார்கள். டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வளையத்துக்குச் செம்போ பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ நல்லது. இந்த வயதுக்கு இரண்டரை அங்குலம் போதும், வளர்ந்த பிறகு 3 அங்குலத்துக்கு மாற்றலாம். பூட்டும் திருகாணியின் தலையை அரத்தால் ராவி வழவழப்பாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது தீவனத் தொட்டியில் உரசி உரசி மூக்கைப் புண்ணாக்கும். இரண்டு மூன்று வாரம் வளையத்தைத் தொடக் கூடாது. ஈ மொய்க்கும் காலத்தில் புழு வைக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும், வேப்பெண்ணெய் தடவலாம். அதுவரைக்கும் முகக்கயிற்றில் பிடியுங்கள். இதில் மாணவி சொல்வது முழுக்கச் சரி.

அப்புறம் இழுப்பு. வளையத்தில் மட்டும் கயிறு போட்டுக் கட்டுத்தறியில் கட்டவே கூடாது. இடி இடித்தாலோ பட்டாசு வெடித்தாலோ காளை பின்னால் பாயும், மூக்கு கிழிந்து வளையம் தறியில் தொங்கும். கட்டுவது கழுத்துக்கயிற்றில், நடத்துவது முகக்கயிற்றில், வளையத்தைப் பிடிப்பது காளை மீறும்போது மட்டும். எந்நேரமும் வளையத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால் மூக்கு மரத்துவிடும். பிறகு உங்களிடம் எந்தக் கருவியும் மிச்சம் இருக்காது.

மொட்டைமாடு
ஐயா, இடம் பார்த்துக் குத்த வேண்டும் என்பதைத்தான் நாங்களும் சொல்கிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர் விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் ஊசியை எடுக்க மாட்டார். ஆனால் அப்படிக் குத்திய துளையில் கயிறு போட்டால் என்ன குறை? இரண்டாவது ஆள் எதிர்ப்புறம் இன்னொரு கயிறைப் பிடித்தால் தள்ள முடியாது என்ற பேச்சே வராது. இரண்டு பக்கமும் ஆள் நின்றால் காளை யார் மேலும் வர முடியாது. திருக்கானூர்ப்பட்டி ஜல்லிக்கட்டுக்குக் கொண்டு போகும் காளைகளையும் கயிற்றில்தானே நடத்திக்கொண்டு போகிறார்கள்? வாடிவாசலில்தான் மூக்கணாங்கயிறை எடுத்துவிடுகிறார்கள்.

மன்னைப் பால்பண்ணை
அண்ணே, ஜல்லிக்கட்டுக் காளைக்கு எத்தனை ஆள் கூடப் போகிறார்கள்? காலை ஆறு மணிக்குத் தண்ணி காட்ட இவர் வீட்டில் எத்தனை ஆள் இருப்பார்கள்? மகன் திருப்பூரில், மருமகன் துபாயில். டெல்டாவில் பாதி வீடு இப்போது வயதானவர்களும் மாடுகளும்தான்.

மொட்டைமாடு
அது உண்மைதான். ஆள் பற்றாக்குறைக்கு வளையம் என்றால் சரி என்று வைத்துக்கொள்கிறேன். நல்லது என்று சொல்லாதீர்கள். வளையம் போட்ட காளையைச் சந்தைக்கு ஓட்டிப்போனால் “பாய்ச்சக்கார மாடு போல” என்று விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

வெண்ணாற்றங்கரை
விற்கும் எண்ணம் இல்லை. பாதுகாப்புப் பற்றி இன்னும் சொல்லுங்கள். வளையம் போட்டுவிட்டால் கவலை இல்லையா?

ஓய்வு ஆய்வாளர்
இருக்கிறது. வளையம் கழி மாட்டிய பிறகுதான் வளையம். கழி மாட்டுவதற்கு முன்னால் கொட்டகைக்குள் போகிற அந்த ஒரு நிமிஷத்தில் உங்களிடம் ஒன்றும் இல்லை. காளை கோபமாக இருப்பதை அதுவே சொல்லும். நேராக வராது. முதலில் பக்கவாட்டில் நின்று உடம்பை முழுசாகக் காட்டும், திமிலை உயர்த்தும், தலையைத் தாழ்த்தும், முன்காலால் மண்ணைப் பறிக்கும், தொண்டைக்குள் உறுமும். அந்த நேரத்தில் அதட்டவும் வேண்டாம், முதுகைக் காட்டி ஓடவும் வேண்டாம். கண்ணை அதன் மேல் வைத்தபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். போவதற்கு ஒரு வழியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் உள்ளேயே போக வேண்டும். சுவர் மூலையில் தீவனத் தொட்டி வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம், ஆள் மாட்டிக்கொள்வார். நேர் பின்னால் மாட்டுக்குக் கண் தெரியாது, அங்கிருந்து நெருங்கினால் மிரளும். குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போங்கள்.

கன்றாக இருக்கும்போது தலையால் முட்டி விளையாட விடுகிறார்களே, அதை இன்றே நிறுத்துங்கள். நெற்றியைச் சொறிந்து கொடுப்பதும் அதில்தான் சேரும். தனியாகக் கட்டி மனிதர் கையாலேயே வளர்ந்த காளை ஆளைத் தன் இனமாக நினைத்து மோதும். மந்தையோடு வளர்ந்ததை விட அதுதான் ஆபத்து. மொட்டைமாடு தம்பி, உங்கள் அம்மா பிடிக்கும் காளைக்கு வயது என்ன?

மொட்டைமாடு
மூன்றாகப் போகிறது.

ஓய்வு ஆய்வாளர்
அந்த வயதில்தான் குணம் மாறத் தொடங்கும். இனிமேல் அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். கயிறோ வளையமோ, உங்கள் விருப்பம்.

கால்நடை மாணவி
ஓர் ஓரக் கேள்வி. வெளிநாட்டுப் படங்களில் வளையத்தில் சங்கிலியைத் தொங்கவிட்டு மேய விடுகிறார்களே, அது சரியா?

மன்னைப் பால்பண்ணை
பாய்ந்தால் தானே சங்கிலியை மிதித்து நின்றுவிடும் என்று சொல்வார்கள். நம் பக்கம் வேலிக் கருவேலும் வாய்க்கால் புதரும் இருக்கிற இடத்தில் அது முள்ளில் மாட்டித்தான் நிற்கும். வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை
சித்தப்பாவிடம் பேசினேன். டாக்டர்தான் குத்த வேண்டும் என்பதற்குச் சம்மதித்துவிட்டார், வளையத்துக்கு இன்னும் முகம் சுளிக்கிறார். அடுத்த வாரம் டிராவிஸில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். முகக்கயிறு இன்றே போட்டாயிற்று, மூன்று தடவை உதறிப் பார்த்தது. கழிக்கு மூங்கில் போதுமா, இரும்புக் குழாய் வேண்டுமா?

மன்னைப் பால்பண்ணை
குழாய் வாங்குங்கள், மூங்கில் வெடிக்கும். முனையில் கொக்கியைப் பற்றவைக்கச் சொல்லுங்கள், தானே மூடிக்கொள்கிற கொக்கியாக இருக்கட்டும்.

மொட்டைமாடு
குழாயின் கைப்பிடிப் பக்கம் சணல் சுற்றுங்கள். வேர்த்த கையில் இரும்பு வழுக்கும்.