மறு: நார்வாலுக்குத் தமிழ்ப் பேர், கொம்பா தந்தமா?

எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு நாளா இந்த இழையைப் படிச்சிட்டுதான் இருக்கேன், பதில் போட இப்பதான் நேரம் கிடைச்சுது. அக்கா கேட்டது சின்னக் கேள்விதான், குழந்தைங்களுக்கான கடல் விலங்கு அகராதில நார்வாலுக்கு (முகத்துக்கு முன்னாடி ஈட்டி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கிற வட துருவத் திமிங்கலம்) என்ன பேர் போடுறதுன்னு. இதுவரைக்கும் வந்தது:

> கொம்புத் திமிங்கலம்
> ஒற்றைக்கொம்பன் திமிங்கலம்
> பிணத் திமிங்கலம்
> நார்வால்னே விட்டுடலாம்

கடைசில இருந்து வர்றேன். 'நார்வால்'னு அப்படியே விட்டா தமிழ்ல அது நாரும் வாலுமா பிரிஞ்சிடுது. நேத்து என் பொண்ணுகிட்ட படத்தைக் காட்டாம சொல்லை மட்டும் எழுதிக் காட்டினேன், "தேங்கா நாரு மாதிரி வால் இருக்குமாப்பா?"ன்னு கேட்டா. மூணாங்கிளாஸ் படிக்கிறா, அவ படிச்சதுல தப்பே இல்ல. பிணத் திமிங்கலம்ங்கிறது பழைய நார்ஸ்ங்கிற வட ஐரோப்பிய மொழியில அதுக்கு இருந்த பேரோட பொருள், திட்டுத்திட்டா சாம்பல் பூத்த தோல் செத்து மிதக்கிற உடம்பு மாதிரி இருக்கிறதால வந்ததுன்னு சொல்வாங்க, அது நம்ம பிள்ளைங்களுக்கு எதையும் விளக்காது.

மீதி ரெண்டுலயும் 'கொம்பு' இருக்கு, எனக்கு ஒத்துக்க முடியாதது அதுதான். அது கொம்பே இல்ல, பல்லு. மேல்தாடையில இடப்பக்கத்துக் கோரைப்பல் உதட்டைத் துளைச்சுக்கிட்டு நேரா முன்னாடி வளருது, ரெண்டரை மீட்டர் தாண்டியும் போகும். ஐரோப்பாவுல பல நூறு வருஷமா இதைக் கதையில வர்ற ஒற்றைக்கொம்புக் குதிரையோட (யூனிகார்ன்) கொம்புன்னு சொல்லித்தான் வித்தாங்க, விஷத்தை முறிக்கும்னு ராஜாக்கள் வாங்கி வச்சுக்கிட்டாங்க. 1598ல இங்கிலாந்து போன பால் ஹென்ட்ஸ்னர்ங்கிற ஜெர்மன்காரர் வின்ட்சர் கோட்டையில ஒண்ணைப் பார்த்துட்டு, எட்டரை சாணுக்கு மேல நீளம், 10,000 பவுண்டுக்கு மேல மதிப்புன்னு எழுதி வச்சிருக்கார். 1638ல டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம், மண்டையோட்டோட ஒட்டியிருந்த ஒண்ணைக் காட்டி, இது கடல் பிராணியோட பல்லுன்னு நிறுவினார். அப்படியிருந்தும் அதே டென்மார்க்ல 1662ல ஆரம்பிச்சு 1671 வாக்குல இதே பல்லுங்களை வச்சே சிம்மாசனம் செஞ்சு முடிச்சாங்க.

அந்த சிம்மாசனத்தை நான் நேர்ல பார்த்திருக்கேன், கோபன்ஹேகன் ரோசன்போர்க் அரண்மனையில, ஆபீஸ் வேலையா போனப்ப. முன்னாடி மூணு வெள்ளிச் சிங்கம் காவலுக்கு இருக்கும், எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க, எனக்குக் கண்ணு சிம்மாசனத்தோட பல்லுத் தூண்கள் மேலயே இருந்துச்சு. பழசான வெண்ணெய் நிறம், கயிறு திரிச்ச மாதிரி சுத்திச் சுத்திப் போற பள்ளம், எல்லாத் தூணும் ஒரே பக்கமா, இடப்பக்கமாத்தான் திருகியிருக்கு. அபூர்வமா ரெண்டு பல்லு வளர்ற திமிங்கலத்துலயும் ரெண்டுமே இடப்பக்கமாத்தான் திருகுமாம். ஓவியங்கள்ல அந்தக் குதிரையோட நெத்தியில இருக்கிற முறுக்கு இதைப் பார்த்து வந்ததுதான், இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு அந்த மாதிரி எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதல்ல திமிங்கலம்தான் ஞாபகம் வருது.

இப்ப ஐயா எழுப்பின மறுப்புக்கு வர்றேன், அது நியாயமான மறுப்பு:

> தமிழ்ல யானைக்கே கொம்பன்னு சொல்றோம், யானைக் கொம்புன்னு சொல்றோம். அதுவும் பல்லுதானே. அப்ப திமிங்கலத்துக்கு மட்டும் என்ன?

சரிதான், கொம்பு, கோடு, மருப்பு மூணுமே நம்ம மொழியில மாட்டுக்கும் வரும் யானைக்கும் வரும். ஆனா யானையை நாம தெருவுல பார்த்திருக்கோம், கொம்புன்னு சொன்னாலும் அது எங்கிருந்து வருதுன்னு கண்ணுக்குத் தெரியும். வட துருவத்துப் பிராணியை யாரும் பார்த்ததில்ல, கொம்புன்னு எழுதினா நெத்தியில முளைக்கிறதாத்தான் பிள்ளைங்க நினைப்பாங்க, அகராதி வழியாவே அந்த பழைய தப்பை நாம திரும்பவும் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும். தந்தம் வடசொல்னு ஐயா வருத்தப்படுறது புரியுது, ஆனா அந்த ஒரு சொல்லுதான் குழப்பமே இல்லாம பல்லை மட்டும் குறிக்குது. பல்லுக்கான பழைய தமிழ்ச்சொல் எயிறுன்னு போடலாம்னு நானே ரொம்ப நேரம் யோசிச்சேன், ஆனா பல்லுள்ள திமிங்கலங்கள்னு ஒரு பெரிய வகையே இருக்கு, டால்பின்கூட அதுலதான் வரும், எயிற்றுத் திமிங்கலம்னா அந்த வகையோட குழம்பிடும்.

தந்தம்னா இன்னொரு வசதியும் உண்டு. நம்ம ஊர் யானையில ஆணுக்குத்தான் தந்தம், பெண்ணுக்கு வெளிய தெரியாது, இங்கயும் பெரும்பாலும் அப்படியே, அதனால பாதி விளக்கம் அந்த சொல்லுக்குள்ளயே வந்துடுது. (யானைக்கு அது வெட்டுப்பல், இதுக்குக் கோரைப்பல், அந்த வித்தியாசத்தைக் குறிப்புல போட்டுக்கலாம்.) அந்தப் பிராணியோடவே வாழுற கனடா இனுயிட் மக்கள் அதைத் துகாலிக்னுதான் சொல்றாங்க, தந்தம் உள்ளதுன்னு பொருள். உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் 1758ல இதுக்கு வச்ச மோனோடான் மோனோசெராஸ்ங்கிற பேர்லகூட முதல் பாதி ஒற்றைப் பல்லு, ரெண்டாம் பாதி ஒற்றைக் கொம்பு, ரெண்டையும் விடாம சேர்த்துட்டார். நாம முதல் பாதியை எடுத்துக்குவோம்.

'ஒற்றைக்கொம்பன்'ங்கிற அருமையான சொல்லைக் கதையில வர்ற அந்தக் குதிரைக்கே வச்சுக்கணும். அதைத் திமிங்கலத்துக்கும் கொடுக்க வேண்டாம், காண்டாமிருகத்துக்கும் கொடுக்க வேண்டாம். எங்க பாட்டி வாசிச்ச பழைய பைபிள்ல பிலேயாம்ங்கிற தீர்க்கதரிசி சொல்ற இடத்துல காண்டாமிருகம்னு வரும். எபிரேயத்துல அது 'ரேஏம்', அதைக் கிரேக்கத்துல ஒற்றைக்கொம்பன்னு பெயர்த்தாங்க, ஆங்கிலத்துல யூனிகார்ன் ஆச்சு, தமிழ்ல காண்டாமிருகம் ஆச்சு. மூலத்துல இருந்தது ஆரக்ஸ்ங்கிற பெரிய காட்டு மாடா இருக்கணும்ங்கிறதுதான் பெரும்பாலான அறிஞர்கள் கருத்து, அதோட கடைசி உயிர் 1627ல போலந்துல செத்துப்போச்சு. இந்தியாவுல ஒற்றைக் கொம்புக் காட்டுக் கழுதை இருக்குன்னு கி.மு. 400 வாக்குல எழுதின கிரேக்கர் டீசியாஸ் கேள்விப்பட்டதுதான் நம்ம காண்டாமிருகம். மார்க்கோ போலோ சுமத்ராவுல காண்டாமிருகத்தை நேர்ல பார்த்துட்டு, சேத்துல புரள்ற அசிங்கமான மிருகம், ஐரோப்பாவுல சொல்ற மாதிரி கன்னிப்பொண்ணு மடியில வந்து படுக்கிற ஜாதி இல்லன்னு எழுதினார். அதனால ஒற்றைக்கொம்பனுக்கு நேரா 'மூல விலங்கு'ன்னு ஒரே ஒரு பேர் போட்டா பொய்யாயிடும். கதைக்கு மூலம் காண்டாமிருகம், கொம்புக்கு மூலம் திமிங்கலம், பைபிள்ல வந்ததுக்கு மூலம் மாடு, மூணையும் போடணும்.

என் முன்மொழிவு இது, அக்கா அப்படியே எடுத்துக்கலாம்:

தந்தத் திமிங்கலம்: வட துருவக் கடல்ல வாழுற திமிங்கலம். ஆணோட மேல்தாடைக் கோரைப்பல் நீண்ட முறுக்குத் தந்தமா வளரும். முன்காலத்துல ஐரோப்பாவுல இதை ஒற்றைக்கொம்பனோட கொம்புன்னு நம்பினாங்க.

'ஒற்றைத் தந்த'ன்னு போடல, ரெண்டு உள்ளதும் பிறக்குது. 'முறுக்கு'ங்கிறதுல யாருக்காவது தயக்கம் இருந்தா சொல்லுங்க, முறுக்குக் கம்பின்னு கட்டட வேலையில தினமும் சொல்றதுதான், 'திருகு தந்தம்'னாலும் எனக்குச் சம்மதம். கொம்புக்கு மட்டும் சம்மதம் இல்ல.