நீளத்திற்குக் ‘கண்’, இடைவெளிக்குக் ‘கண்ணிடை’: லெகோ கார் கட்டுவோருக்கான அளவுச் சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

லெகோ விளையாட்டுக் கட்டைகளால் கட்டி, மோட்டார் பொருத்தித் தொலைவிலிருந்து இயக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி நம் குழு உருவாக்கும் தமிழ்க் கையேட்டில், உறுப்புகளின் நீளத்தைக் குறிக்க இதுவரை ‘குமிழ்’, ‘துளை’, ‘அலகு’ என்ற மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மாற்றாகக் ‘கண்’ என்ற சொல்லையும், அதனோடு இணைத்துக் ‘கண்ணிடை’ என்ற சொல்லையும் பரிந்துரைக்கிறேன். இரண்டும் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்; ஒன்றை மட்டும் ஏற்று மற்றதை விட்டால் குழப்பம் அப்படியே நீடிக்கும்.

குடியாத்தத்து அன்பர் சொன்ன ‘குமிழ்’, கட்டையின் மேற்புறத்தில் வரிசையாக எழுந்து நிற்கும் வட்ட முனைகளுக்கு மிக அழகான பெயர். அந்தப் பொருளில் அதை அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் 2016இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ், 2018இல் வந்த புகாட்டி ஷிரோன், 2020இல் வந்த லம்போர்கினி சியான் போன்ற, ‘டெக்னிக்’ என்னும் லெகோ இயந்திர வகையைச் சேர்ந்த மாதிரிகளின் அடிச்சட்டகம் பெரும்பாலும் துளையிட்ட வழவழப்பான சட்டங்களாலும் அச்சுகளாலும், துளையில் செருகி உறுப்புகளை இணைக்கும் முளைகளாலும் ஆனது. குமிழே இல்லாத உறுப்பைப் ‘பதினோரு குமிழ்ச் சட்டம்’ என்று எழுதினால், படிக்கும் பிள்ளை பெட்டிக்குள் குமிழைத் தேடும். ‘துளை’ சட்டத்திற்குப் பொருந்தும். துளையே இல்லாத அச்சுக்குப் பொருந்தாது. ‘அலகு’ எதையும் தனித்துச் சுட்டாது; மின்கலத்தின் வோல்ட்டைப் பற்றிய பக்கத்திலும் அதே சொல்தான் வந்து நிற்கும்.

‘கண்’ என்பது நம் வட்டாரத்தில் ஏற்கெனவே எண்ணிக்கைச் சொல்லாக வழங்குகிறது. பாலாற்றின் மேல் செல்லும் பாலமானாலும் காவேரிப்பாக்கம் போன்ற ஏரியின் மதகானாலும் ‘எத்தனை கண்’ என்றுதான் கேட்கிறோம். வலைக்கும் சல்லடைக்கும் கண் உண்டு. ஒரே அளவில் அடுத்தடுத்து அமைந்த திறப்புகளை எண்ணும் இடங்களில் தமிழ் தானாகவே இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறது. எனவே 5 துளை உள்ள சட்டம் 5 கண் சட்டம் ஆகும். அந்தச் சட்டத்தோடு முனைக்கு முனை ஒத்துக் கிடக்கும் அச்சு, தனக்குத் துளை இல்லாவிட்டாலும், 5 கண் அச்சு ஆகும். ஒரு கண்ணின் நீளம் 8 மில்லிமீட்டர். 1977இல் டெக்னிக் வகை தொடங்கிய காலத்திலிருந்து இந்த அளவு மாறவில்லை. லெகோவின் மோட்டார் வரிசைகளில், 2007இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார்களும் 2019இல் வந்த கண்ட்ரோல் ப்ளஸ் மோட்டார்களும் உருவத்தில் வேறுபட்டாலும், பொருத்தும் துளைகள் இதே கணக்கில்தான் அமைந்துள்ளன. இவ்வளவு நிலையான ஓர் அளவுக்குச் சொந்தப் பெயர் இருப்பது நியாயம்தானே?

இனி ‘கண்ணிடை’க்கு வருகிறேன். அண்மையில் காட்பாடியில் பிள்ளைகள் இருவர் கார் ஒன்றின் பின்னச்சுக்கு மோட்டார் பொருத்திக்கொண்டிருந்தார்கள். குறிப்புத்தாளில் ‘மோட்டார் அச்சிலிருந்து இரண்டு துளை தள்ளி’ என்று இருந்தது. ஒருவர் இடையில் இரண்டு துளைகளை விட்டு அடுத்த துளையில் அச்சைச் செருகினார். மோட்டார் சுற்றியது, 8 பல் சக்கரமும் சுற்றியது, 24 பல் சக்கரம் அசையவில்லை. மற்றவர் ஒரு துளையை மட்டும் விட்டுச் செருகியதும் பற்கள் கடித்துக் கார் நகர்ந்தது. தாளில் இருந்த தொடருக்கு இருவர் கொண்ட பொருளும் தமிழில் சரியானதே. குறை தொடரில்தான் இருக்கிறது.

துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவரை உள்ள 8 மி.மீ. தூரமே கண்ணிடை. 5 கண் சட்டத்தின் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே 4 கண்ணிடைதான் உண்டு. லெகோ பற்சக்கரங்களில், பற்கள் கடிக்கும் வட்டத்தில் அளந்தால், பல்லின் எண்ணிக்கை எத்தனையோ அத்தனை மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். 8 பல்லுக்கு ஆரம் 4 மி.மீ., 24 பல்லுக்கு 12 மி.மீ.; கூட்டினால் 16, அதாவது சரியாக 2 கண்ணிடை. 8 பல்லுடன் 40 பல் சேர்ந்தால் 3 கண்ணிடை. ஆனால் 8 பல்லையும் 16 பல்லையும் இணைத்தால் ஒன்றரைக் கண்ணிடை வரும். ஒரே சட்டத்தின் துளைகளில் அந்த இணை அமையாது. ‘கண்ணிடை’ என்ற சொல் இருந்தால் இதை ஒரே வரியில் விளக்கிவிடலாம், ‘அரைக் கண்ணிடை’ என்பதற்கும் தனியாக விளக்கம் தேவைப்படாது.

முழு நீளத்தைக் கண்ணாலும் நடுவிலிருந்து நடுவுக்கான தூரத்தைக் கண்ணிடையாலும் குறிப்போம். 56 செ.மீ. நீளமுள்ள ஷிரோன் மாதிரி சுமார் 70 கண் நீளம் என்று சொல்லும்போது, அதற்குள் மோட்டாருக்கும் மின்கலப் பெட்டிக்கும் எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்பது உடனே மனத்தில் அமைகிறது. அந்த மாதிரி மோட்டார் இல்லாமல் வருவதால் நம்மவர்களுக்கு முதலில் வேண்டியது இந்தக் கணக்குத்தான்.

‘முழம்’ போலவே எண்ணுக்குப் பின் ‘கண்’ ஒருமையிலேயே நிற்கட்டும். ஆம்பூர் அம்மையார் விரும்பும் விதத்தில் எண்ணையும் சொல்லையும் ஒன்றாகச் சேர்த்த ‘முக்கண் சட்டம்’, ‘ஐங்கண் சட்டம்’ போன்ற வடிவங்கள் செவிக்கு இனியவைதாம். எனினும் முக்கண் என்பது சிவபெருமானுக்கே உரியதாக ஆழப் பதிந்துவிட்டதால் ‘3 கண் சட்டம்’ என்றே எழுதுவது நலம்.

உயரத்திற்கு இந்தச் சொற்களை நீட்ட வேண்டாம். குமிழ் உள்ள கட்டையின் உயரம் 9.6 மி.மீ., மெல்லிய தட்டின் உயரம் 3.2 மி.மீ.; இவை கண்ணின் கணக்கில் முழுமையாக அடங்குவதில்லை. ஐந்து தட்டுகளை அடுக்கினால்தான் 16 மி.மீ., அதாவது 2 கண்ணிடை, கிடைக்கிறது. உயரத்தைத் ‘தட்டு’ என்றே எண்ணலாம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். அதற்குள், வேண்டிய கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரும் திசைமாற்றியும் பற்றிய பகுதியை இந்தச் சொற்களைக் கொண்டு திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து ஓர் உறுப்பினர்