மிகை இருப்பா, நெருக்கிருப்பா?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நம் மீன் வளர்ப்பு அகராதிக்காக, சிக்லிட் (ஒன்றையொன்று துரத்தி அடிக்கும் நன்னீர் மீன் வகை) தொட்டியில் சண்டையைக் குறைக்க வேண்டுமென்றே மீனைக் கூட்டி விடும் முறைக்கு நீங்கள் சொன்ன 'மிகை இருப்பு' என்ற சொல்லை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். 'இருப்பு' நல்ல தேர்வு. மீன்வளத் துறையே குளத்தில் குஞ்சு விடுவதை 'இருப்பு செய்தல்' என்றுதான் எழுதுகிறது. பவானிசாகர், அமராவதி அணைப் பக்கத்து மீனவர்களுக்கும் அது பழகிய சொல். 'மிகை'தான் இடிக்கிறது. மிகை என்றாலே தப்பு என்று பொருள் போகிறது.

திருப்பூரில் எங்கள் வீட்டில் நான்கடித் தொட்டி, ஏறத்தாழ 250 லிட்டர். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளிடையே வாழும் சிக்லிட் வகையான ம்புனாவில் (பாறை மீன்) ஆறு வாங்கி விட்டேன். இடம் தாராளமாக இருந்தால் அடித்துக்கொள்ளாது என்று நினைத்தேன். பத்தே நாளில் அவற்றில் ஆரட்டஸ் என்ற வகையின் ஆண் ஒன்று முழுத் தொட்டியையும் பிடித்துக்கொண்டது. மஞ்சள் நிறப் பெண் மீன் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, வால் கிழிந்து நின்றது. தீனி போட்டாலும் கீழே இறங்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

மீன் விற்பவரிடம் சொன்னேன். "நெருக்கி விடுங்க, ஒண்ணையே தொரத்த முடியாது" என்றார். கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கி, இரண்டாவது வடிகட்டியும் வைத்து, இன்னும் 14 மீன் சேர்த்தேன், பெரும்பாலும் பெண். ஆண் ஒன்றைத் துரத்தும், குறுக்கே இன்னொன்று போகும், அதன் பின்னால் திரும்பும்; அதற்குள் முதல் மீன் கல் இடுக்கில் புகுந்துவிடும். அடி நிற்கவில்லை, பங்கு பிரிந்தது. நான்காம் நாள் அந்த மஞ்சள் மீன் கீழே வந்து தீனி எடுத்தது.

ஆகவே நமக்கு இரண்டு சொல் வேண்டும். வடிகட்டி தாங்காமல், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சு ஏறும் அளவுக்கு மீன் விட்டால் அது மிகை இருப்பு. அந்தச் சொல்லை அதற்கே வைத்துக்கொள்வோம். வடிகட்டி தாங்கும் அளவுக்குள் நெருக்குவது வேறு. அதற்கு என் முன்மொழிவு 'நெருக்கிருப்பு'. கடைக்காரர் வாயில் வந்த சொல்லிலிருந்தே எடுத்தேன்.

'அடர்விருப்பு' என்று இன்னொரு நண்பர் சொல்லியிருந்தார். வாய்விட்டுப் படித்தால் 'விருப்பு' காதில் விழுகிறது. தவிர, மா விவசாயிகளுக்கு 'அடர் நடவு' என்றால் மகசூலைக் கூட்டுவது. இங்கே நோக்கம் அதுவல்ல.

ஓர் எச்சரிக்கையும் விளக்கத்தில் சேர வேண்டும். ஜாக் டெம்ப்சி, கன்விக்ட் போன்ற நடு அமெரிக்க சிக்லிட்கள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டுவிட்டால் பக்கத்தில் எதையும் விடாது. அங்கே நெருக்கினால் சாவுதான். பிளவர்ஹார்ன் என்ற கலப்பின சிக்லிட்டுக்குத் தனித் தொட்டியே சரி.

அகராதிக்கு இப்படி எழுதலாமா?

நெருக்கிருப்பு: மலாவிப் பாறை மீன் போன்றவற்றின் தாக்குதல் ஒரே மீன்மேல் விழாமல் பரவும்படி, வடிகட்டியின் திறனுக்குள், தொட்டியில் மீன்களை நெருக்கமாக விடும் முறை. ஜோடி சேர்ந்து எல்லை காக்கும் மீன்களுக்குப் பொருந்தாது.

நெருக்கு, இருப்பு, உகரம் கெட்டுச் சேர்கிறது. சந்தி சரிதானா என்று ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.