பதில்: டீஃபால்ட் பெயிலுக்குத் தமிழில் என்ன? ‘கெடுவுரிமைப் பிணை’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். சட்டம் கொடுத்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், கைதானவர் கேட்டு வாங்கக்கூடிய பிணைதான் (ஜாமீன்) டீஃபால்ட் பெயில். அதற்கான தமிழ்ச் சொல் பற்றி நீங்கள் எழுதிய கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘இயல்புப் பிணை’ போதுமே. கணினித் தமிழில் டீஃபால்ட் என்றால் இயல்புநிலை என்று ஏற்கெனவே புழங்குகிறது.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. கணினியில் டீஃபால்ட் என்பது நாம் எதையும் தொடாவிட்டால் இருப்பது. நீதிமன்றத்தில் அது கடன் கட்டத் தவறுவதைப் போன்றது. இங்கே தவறியவர் புலன்விசாரணை அதிகாரி: சட்டம் கொடுத்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை.

என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) வழக்குகளில் இந்தப் பிணைக்கு உள்ள மதிப்பு தனி. கஞ்சா 20 கிலோவுக்கு மேல், ஹெராயின் 250 கிராமுக்கு மேல் என்றால் அது ‘வணிக அளவு’. அப்போது வழக்கமான பிணையை அந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு வழிமறிக்கும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், இவர் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே விட்டால் குற்றம் செய்யமாட்டார் என்ற இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். சாட்சி ஒருவரைக்கூட விசாரிக்காத கட்டத்தில் இது லேசில் நடக்காது. ஆனால் இத்தகைய வழக்குக்குச் சட்டம் கொடுத்த கெடுவான 180 நாள் கழிந்தும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்காது. 1995இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

> அப்படியானால் ‘தானியங்குப் பிணை’?

அக்கா, தயவுசெய்து இது மட்டும் வேண்டாம். இந்தப் பிணை தானாக வராது. கேட்க வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்குள். அது வந்துவிட்டால் கேட்காத உரிமை போயே போச்சு.

நான் சட்ட உதவிப் பணியில் இருப்பவன். ஒரு அம்மா மகன் ரிமாண்டான நாளிலிருந்து தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எண் போட்டு, ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருந்தார். யாரோ கொடுத்த துண்டறிக்கையில் ‘180 நாள் முடிந்தால் தானாகக் கிடைக்கும் ஜாமீன்’ என்று இருந்தது. அதை நம்பி, 181ஆம் நாள் காலையில் மஞ்சள் பையில் ஒரு சட்டையும் லுங்கியும் எடுத்துக்கொண்டு சிறை வாசலில் போய் நின்றார். அன்று மதியம் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதுவரை மகன் சார்பில் யாரும் மனுப் போடவில்லை. ‘தானாக’ என்ற அந்த ஒரு சொல்லை என்னால் மன்னிக்க முடியவில்லை.

‘கட்டாயப் பிணை’யிலும் இதே ஆபத்துதான், கட்டாயம் என்றால் கேட்காமலே கொடுப்பார்கள் என்று தோன்றும். ‘சட்டப்பூர்வ பிணை’ என்றால் மற்ற பிணையெல்லாம் சட்டத்துக்குப் புறம்பா என்ற கேள்வி வரும். ‘காலக்கெடுப் பிணை’யை நானே கொஞ்ச நாள் எழுதிப் பார்த்தேன். இடைக்கால ஜாமீன் மாதிரி சில நாளுக்கு மட்டும் கிடைப்பது என்று இரண்டு பேர் புரிந்துகொண்டார்கள், விட்டுவிட்டேன்.

அதனால்தான் ‘கெடுவுரிமைப் பிணை’. கெடு முடிந்ததால் பிறந்த உரிமை. உரிமை என்றால் கேட்டு வாங்குவது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். ‘கெடு’ என்றதும் ‘கெடுதல்’ நினைவுக்கு வருமே என்று ஒருவர் எழுதியிருந்தார். வட்டிக்காரரும் பத்திரிகையும் அன்றாடம் புழங்கும் சொல் அது, குழப்பம் வராது. ‘கெடுவுக்குள்’ என்பது போலவே ‘கெடுவுரிமை’, வகர உடம்படுமெய் சரிதான். பிணை என்பதற்குப் பதில் ஜாமீன் என்று சேர்த்தாலும் எனக்கு மறுப்பில்லை.

இன்னொரு வசதி: 180 நாளை ஓராண்டு வரை நீட்டிக்க அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுக்கலாம். விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இவரை இன்னும் ஏன் உள்ளே வைக்க வேண்டும் என்று குறிப்பாகக் காரணம் காட்ட வேண்டும். அதை ‘கெடு நீட்டிப்பு’ என்று சொல்லிவிட்டால், வழக்கமான காவல் நீட்டிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளமாட்டார்கள். அதை எதிர்த்துப் பேசலாம் என்பதும் விளங்கும்.

சென்னை என்.டி.பி.எஸ். நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம்: கெடு முடிந்ததும் மனுச் செய்துவிட்டால், அன்றே பிறகு குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. அதோடு, இப்படி ஓர் உரிமை வந்திருக்கிறது என்று கைதானவருக்கு நீதிபதியே தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. தெரிவிப்பது தமிழில்தானே இருக்க வேண்டும்? எங்கள் புதிய துண்டறிக்கையில் அதற்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

“உங்கள் வழக்கில் புலன்விசாரணைக்குச் சட்டம் கொடுத்த கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. குற்றப்பத்திரிகை வரவில்லை. கெடுவுரிமைப் பிணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இப்போதே கேட்கிறீர்களா?”

‘இப்போதே’ என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.