சென்னைத் தமிழ் செயலி வினைச்சொல்லில் மாட்டி நிற்கிறது, உதவி தேவை

வணக்கம். சென்னைத் தமிழில் தட்டினால் அரசவைத் தமிழில் பதில் தரும் செயலி ஒன்றைச் செய்கிறேன். 'நாஸ்டா துன்னியா' என்றால் 'காலைச் சிற்றுண்டி உண்டீரோ' என்று வர வேண்டும். கல்லூரி விழாப் போட்டிக்காக. சனிக்கிழமை காலை கிண்டியில் இயக்கிக் காட்ட வேண்டும். அரங்கில் இணையம் கிடையாது, எல்லாம் மடிக்கணினியிலேயே ஓட வேண்டும்.

முகப்பு ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில், பின்னால் பைத்தான் 3.11 நிரல்மொழி, சொற்பட்டியல் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில். சொற்கள் வியாசர்பாடி, காசிமேடு பக்கம் பேசுபவர்களிடமே கேட்டு எழுதியவை.

முதலில் நேரடியாகச் சொல்லைத் தேடி மாற்றினேன். 'மொக்க' என்பதற்கு 'சுவையற்ற' என்று வைத்தால் 'மல்லி மொக்கு' கூட 'மல்லி சுவையற்று' ஆகிவிடுகிறது. உகரக் குறி மட்டும் மிஞ்சிப் போய் ஒட்டிக்கொள்கிறது. முழுச்சொல் மட்டும் பொருந்தட்டும் என்று ரெஜெக்ஸில் (எழுத்துக் கோலத்தை வைத்துத் தேடும் முறை) சொல் எல்லை போட்டும் பயனில்லை. பைத்தான் புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தாகவே எண்ணாததால் சொல்லின் நடுவிலேயே எல்லை விழுகிறது. அப்புறம் யூனிகோடை என்எஃப்சி வடிவுக்கு (ஒரே எழுத்தைப் பல விதமாகக் குறித்திருந்தாலும் ஒன்றாக்கும் வடிவு) மாற்றி, ஓப்பன் தமிழ் என்ற நிரல் நூலகத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்தேன். அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீராதது வினைச்சொல். 'டபாய்க்கிறான்' பட்டியலில் இருப்பதால் சரியாக வருகிறது. 'டபாய்ச்சுட்டானுங்க', 'டபாய்க்காத' எல்லாம் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு வடிவத்தையும் ஏற்ற நேரமில்லை. அரைகுறையாக மாற்றினால் பேசுபவர்களைக் கேலி செய்வது போல ஆகிவிடும், அது மட்டும் கூடாது.

பேச்சு வழக்கு வினையின் விகுதியைக் கழற்றி, அடிச்சொல்லை மாற்றி, எழுத்து வழக்கு விகுதியை ஒட்டுவதற்கு இரண்டொரு நாளில் முடிக்கக்கூடிய எளிய வழி யாருக்காவது தெரியுமா?